நான்கு துண்டு முடிச்சும் பாறைப்பட்டிக் கதவும்

பாறைப்பட்டியைச் சுற்றி நான்கு ஊர்கள். வடக்கே வடக்கூர், தெற்கே தெற்கூர், கிழக்கே கிழக்கூர், மேற்கே மேற்கூர். ஊருக்குப் பெயர் வைப்பதிலேயே இவ்வளவுதான் மூளையைச் செலவழித்தவர்கள் என்று தெரிந்துகொண்டால், இனிமேல் நான் சொல்லப்போகும் எதுவும் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்காது.

நடுவில் ஒரு பாறை, அதன்மேல் பாறைப்பட்டி. அந்த ஊரைத் துரைச்சிங்கம் என்பவன் பிடித்துவைத்திருந்தான். முதலில் காவலுக்கு வந்த ஆள்தான். பிறகு ஊரைச் சுற்றி மதில் எழுப்பி, ஒரே ஒரு வாசல் விட்டு, அதற்கு ஒரு கதவையும் போட்டு, "இனி யாரும் வெளியே போகக் கூடாது, நான்தான் ராஜா" என்று சொல்லிவிட்டான். கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஏற்றத்தைப் பிடுங்கி மதிலோரம் நட்டான். சால் தொங்க வேண்டிய முனையில் கல்லை வைத்து, மறுமுனையில் கயிறு கட்டி ஊர் ஆண்களை இழுக்கச் சொன்னான். இழுத்தால் கல் பறந்துபோய் ஏதாவது ஓர் ஊரில் விழும். எந்த ஊர் என்பது அன்றைக்கு அவனுக்கு யார்மேல் கடுப்பு என்பதைப் பொறுத்தது. உள்ளே இருந்த சனம் புளியங்கொட்டையை வறுத்துத் தின்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது.

இவனை என்ன செய்வது என்று தீர்மானிக்கும் பொறுப்பு நான்கு ஊர் நாட்டாமைகளிடம் இருந்தது. அந்தச் சனத்தின் தலையெழுத்து அப்படி.

வடக்கூர் ஒச்சப்பன் நால்வரில் மூத்தவர். எதற்கெடுத்தாலும் "அவசரப்படக் கூடாது" என்பார். வீடு பற்றி எரிந்தபோதும் அதையேதான் சொன்னார். மேற்கூர் வேலாண்டிக்கு மீசையும் குரலும் பெரிது, கயிற்றுக்கடை வைத்திருந்தார். தெற்கூர் சீனிச்சாமிக்கு அரிசி மண்டி. கிழக்கூர் கொப்பையாவுக்குப் பயம் ஒன்றுதான் சொத்து.

இவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நாலு பேரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஒத்துக்கொண்டதற்கு அடையாளமாக, கழுத்தில் கிடக்கும் துண்டை அடுத்தவர் துண்டோடு முடிச்சுப் போட வேண்டும். எடுத்த முடிவு நிறைவேறும்வரை முடிச்சை அவிழ்க்கக் கூடாது. துண்டைக் கழுத்திலிருந்து கழற்றவும் கூடாது, அது நாட்டாமைக்கு மரியாதையில்லை. ஆகவே ஒரு முடிவெடுத்துவிட்டால், அது முடிகிறவரை நால்வரும் ஒரே வரிசையில்தான் நடப்பார்கள், ஒரே வரிசையில்தான் சாப்பிடுவார்கள். ஒருவர் ஒதுங்க வேண்டுமென்றால் நால்வரும் ஒதுங்க வேண்டும்.

ஒருநாள் கொப்பையா வீட்டுக் கூரையைப் பொத்துக்கொண்டு கல் ஒன்று அடுப்பில் விழுந்தது. குழம்புச் சட்டி தூள். சந்தைக் கொட்டகையில் நால்வரும் கூடினார்கள்.

"இதைச் சும்மா விடக் கூடாது," என்றார் வேலாண்டி. "கடுமையாக் கண்டிக்கணும்."

"கண்டிக்கலாம். ஆனா அவன் காதுல விழுந்துட்டா?" என்றார் கொப்பையா.

"விழுந்தா கோவப்படுவான்," என்றார் சீனிச்சாமி. "கோவப்பட்டா இன்னொரு கல்லு வரும்."

ஒச்சப்பன் கண்ணை மூடி யோசித்தார். "அவசரப்படக் கூடாது. கண்டிக்கவும் வேணும், அவன் காதுல விழவும் கூடாது. ரெண்டுக்கும் வழி பாருங்க."

வழி கிடைத்தது. முடிச்சுப் போட்டுக்கொண்டு நால்வரும் வற்றிப்போன கண்மாய்க்குள் இறங்கினார்கள். பாறைக்கு முதுகைக் காட்டி நின்று, "துரைச்சிங்கா, நீ செஞ்சது கொஞ்சங்கூட நல்லால்ல" என்று ஒரே குரலில் சொன்னார்கள். மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது. காரியம் நிறைவேறிவிட்டதால் முடிச்சை அவிழ்த்தார்கள்.

"சரி, இந்தக் கல்லை என்ன செய்யிறது?" என்று கேட்டார் கொப்பையா.

"அது பாறைப்பட்டிக் கல்லுல்ல. பிறத்தியார் பொருள் நமக்கெதுக்கு?" என்றார் ஒச்சப்பன்.

கல்லை வண்டியில் ஏற்றிப் பாறைப்பட்டி வாசலில் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். அடுத்த வாரம் மேற்கூரில் வேலாண்டியின் மாட்டுக்கொட்டிலில் ஒரு கல் விழுந்தது. கொப்பையா குனிந்து பார்த்து, "நம்ம வீட்டுக் கல்லுதான். குழம்பு இன்னும் ஒட்டியிருக்கு பாரு" என்று அடையாளம் சொன்னார். அதையும் நேர்மையாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் சடச்சி வந்து சேர்ந்தாள். பாறைப்பட்டிக்காரி. மழைத்தண்ணீர் வடிகிற மடைக்குள் நுழைந்து, உடம்பெல்லாம் சிராய்ப்போடு வெளியே வந்திருந்தாள். கொட்டகையில் நால்வரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நேராக வந்து நின்றாள்.

"ஐயா, நாலு பேரும் கேளுங்க. அவன் கையில சொந்தமா ஒண்ணுமில்ல. நீங்க அனுப்புற அரிசியத் தின்னுட்டுத்தான் காவலாளுக எங்களை அடிக்கிறாக. உங்க கயித்தைக் கட்டித்தான் உங்க மேலயே கல்லு எறியுறான். அதை நிறுத்துங்க. எங்க சனம் வெளிய வந்தா ஒதுங்க ஒரு இடம் குடுங்க. என் புருசன் குருவனை ஏத்தம் இழுக்கப் போட்டிருக்கான். என் மக பொன்னுத்தாயிக்கு எழுந்து நடக்கவே தெம்பில்ல. மடையில தூக்கிட்டு வர முடியல, விட்டுட்டு வந்துருக்கேன். வேற ஒண்ணும் கேக்கல."

இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. கண்மாயில் நின்ற எருமைக்கே புரிந்திருக்கும்.

"அரிசியா? யாரு அனுப்புறது?" என்று நால்வரும் ஒன்றாகக் கேட்டார்கள். பிறகு நால்வரும் ஒன்றாகத் தரையைப் பார்த்தார்கள். கல் அடுத்த ஊரில் விழட்டும் என்று ஒவ்வொருவரும் மற்ற மூவருக்கும் தெரியாமல் ஆளுக்கொரு வண்டி அரிசி அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெட்கம் வந்தால் சிலர் திருந்துவார்கள். நாட்டாமைகள் தீர்மானம் போடுவார்கள். "பாறைப்பட்டிக்கு ஊர்விலக்கு" என்று அறிவித்தார் ஒச்சப்பன். "இன்னையிலருந்து அரிசி வண்டி போகக் கூடாது. அந்த ஊர்க்காரவுகளுக்கு நெருப்பு கிடையாது, தண்ணி கிடையாது, பேச்சு வார்த்தை கிடையாது. துரைச்சிங்கம் வழிக்கு வர்ற வரைக்கும் இந்த முடிச்சு அவிழாது." நான்கு துண்டுகளும் முடிச்சாயின. சடச்சி கையெடுத்துக் கும்பிட்டாள். பாவம், அவசரப்பட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் சீனிச்சாமி தலையில் ஒரு மூட்டை இருந்தது.

"என்ன மாப்ளே, அரிசியா?" என்றார் ஒச்சப்பன்.

"வண்டிதான மாமா போகக் கூடாதுன்னோம். இது தலைச்சுமை."

ஒச்சப்பன் யோசித்துப் பார்த்தார். எடுத்த முடிவில் தலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கழுத்தில் முடிச்சு கிடந்ததால், சீனிச்சாமி போனால் நால்வரும் போயாக வேண்டும். வெறுங்கையோடு போவானேன் என்று மற்ற மூவரும் ஆளுக்கொரு மூட்டையைத் தூக்கிக்கொண்டார்கள். வேலாண்டியின் தோளில் ஒரு சுருள் வடக்கயிறும் ஏறியது. "கயித்தைப் பத்தி யாரும் பேச்சே எடுக்கலையே" என்றார் அவர். பாறைப்பட்டி வாசலில் சுமையை இறக்கிவிட்டு, ஊர்விலக்கின்படி யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினார்கள். அந்த விஷயத்தில் மட்டும் படு கண்டிப்பு.

திரும்பி வரும்போது வடக்கூர்க் கிணற்றடியில் சடச்சி நின்றிருந்தாள். தொண்டை வறண்டு, ஒரு வாய் தண்ணீர் கேட்டாள்.

"தாயி, நீ எந்த ஊரு?" என்றார் ஒச்சப்பன்.

"நேத்துத்தானே சொன்னேன், பாறைப்பட்டி."

"அப்ப தண்ணி இல்ல. விலக்கு இருக்குல்ல."

"ஐயா, நான் அவன்கிட்டருந்து தப்பிச்சு வந்தவ."

"எங்கேருந்து தப்பிச்சு வந்தே?" என்று இடையில் புகுந்தார் வேலாண்டி.

"பாறைப்பட்டியிலருந்துதான்."

"அதைத்தான் ஆத்தா நாங்களும் சொல்றோம்."

இந்த இடத்தைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது. அரிசி தின்று கொழுத்தவன் அங்கே உட்கார்ந்திருக்கிறான், அவனிடமிருந்து ஓடிவந்தவளுக்குத் தண்ணீர் இல்லையாம். சடச்சி அவர்களை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மாட்டுத்தொட்டிக்குப் போய்க் குனிந்து, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள்.

"மாட்டுத்தொட்டிக்கும் விலக்கு உண்டா?" என்று கேட்டார் கொப்பையா. தொட்டி ஊருக்குச் சொந்தமா மாட்டுக்குச் சொந்தமா என்று நால்வரும் ஆராய்ந்து முடிப்பதற்குள் அவள் குடித்து முடித்து முகமும் கழுவிவிட்டாள்.

அப்போதும் அவள் நம்பிக்கையை விடவில்லை. மகள் உள்ளே கிடக்கும்போது எப்படி விடுவாள்? "ஐயா, உங்களால எதுவும் செய்ய முடியலைன்னா போகுது. சும்மாவாவது இருங்க. பாறைப்பட்டிக் கதவை முழுசாக் கரையான் அரிச்சுப் போச்சு. ஆடிப்பெருக்கு அன்னிக்கு எங்க சனமெல்லாம் சேந்து ஒரு தள்ளு தள்ளப் போகுது. விழுந்துரும். அதுவரைக்கும் அந்தக் கதவுப் பக்கமே போகாதீக."

நால்வர் முகமும் வெளுத்துப்போனது.

"கரையான் அரிச்ச கதவா?" என்றார் கொப்பையா. "அப்ப அது வழியாத் துரைச்சிங்கம் வெளிய வந்துருவானே."

"அவனைத் தனிமைப்படுத்தணும்னுதானே விலக்கே வச்சோம்," என்றார் சீனிச்சாமி. "கதவு இத்துப்போய்க் கிடந்தா எப்படித் தனிமைப்படுவான்?"

"புதுக்கதவு போட்டுருவோம்," என்றார் வேலாண்டி. "வேங்கையில. யானை முட்டினாலும் அசையக் கூடாது."

ஒச்சப்பன்கூட அன்றைக்கு அவசரப்படக் கூடாது என்று சொல்லவில்லை. சடச்சி காலில் விழுந்து அழுதாள். "உள்ள இருக்கிறது என் புள்ளைங்கய்யா" என்றாள். அவளை ஒச்சப்பன் பரிவோடு பார்த்து, "அழாத தாயி, கதவு நல்லா உறுதியாத்தான் செய்வோம்" என்று ஆறுதல் சொன்னார்.

ஆடிப்பெருக்குக்கு முதல்நாள், வேங்கைமரக் கதவு மாட்டுவண்டியில் பாறை ஏறியது. விலக்கு வண்டிக்கு இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். அரிசி வண்டிதான் கூடாது, இது கதவு வண்டி. முன்னால் நால்வரும் வரிசையாக நடந்தார்கள். பின்னால் சடச்சி போனாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கே மனசு வரவில்லை.

மதில்மேல் நின்ற துரைச்சிங்கம், நான்கு ஊர் நாட்டாமைகளும் தனக்குக் கதவு கொண்டுவருவதைப் பார்த்தான். அவனுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. இத்தனை வருசமாக இவர்களுக்குப் பயந்தா ராத்தூக்கம் கெட்டோம் என்று நினைத்தானோ என்னவோ, "ஏலே, அத்தனை பேரும் கீழ போய்க் கதவைத் தூக்கிக் குடுங்கடா" என்று காவலாட்களுக்கு உத்தரவு போட்டான்.

காவலாட்கள் ஈட்டியையும் தடியையும் மதிலில் சாத்திவிட்டு வந்தார்கள். பழைய கதவைக் கழற்றினார்கள். கழற்றும்போதே அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. புதுக்கதவு கனமென்றால் அப்படிக் கனம். இருந்த ஆட்கள் அத்தனை பேரும் தோள்கொடுத்துத்தான் அதை நிமிர்த்திப் பிடிக்க முடிந்தது. விட்டால் நசுங்கிவிடுவார்கள்.

சடச்சி அந்தக் காட்சியைப் பார்த்தாள். வாசலில் கதவில்லை. காவலாட்கள் கையில் தடியில்லை. அவளுக்குக் கண்ணீர் நின்றுவிட்டது. மெதுவாக முன்னே வந்து, மிகவும் பணிவாக ஒரு கேள்வி கேட்டாள்.

"ஐயா, தாழ்ப்பாள் உள்பக்கம் வருமா, வெளிப்பக்கம் வருமா?"

நால்வரும் அப்படியே நின்றார்கள்.

"கதவுன்னா தாழ்ப்பாள் உள்பக்கந்தான்," என்றார் சீனிச்சாமி. "வெளிப்பக்கம் வைக்கிறதுக்கு இது என்ன மாட்டுக்கொட்டிலா?"

"உள்பக்கம் வச்சா அவன் திறந்துக்கிட்டு வந்துருவானே," என்றார் கொப்பையா.

"வெளிப்பக்கம் வச்சா நாளைக்கு நாலு பேரு சிரிக்க மாட்டாகளா?" என்றார் வேலாண்டி.

"அவசரப்படக் கூடாது," என்றார் ஒச்சப்பன், பழைய நிலைக்குத் திரும்பி. நால்வரும் வாசலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

சடச்சி தலையை நிமிர்த்திக் குலவை போட்டாள். பாறை முழுக்க எதிரொலித்தது.

"ஏத்தா, எதுக்குக் குலவை?" என்று கதவுக்கடியிலிருந்து மூச்சுத் திணறக் கேட்டான் ஒரு காவலாள்.

"நல்ல நாளும் அதுவுமா புது நிலைக்கதவு வைக்கிறீக. குலவை போட வேணாமா?"

அவனுக்கு அது நியாயமாகப் பட்டது. உள்ளே குருவனுக்குத் தன் பெண்சாதி குரல் தெரியாதா? ஏற்றக் கயிற்றை விட்டுவிட்டு இறங்கினான். கூட இழுத்தவர்களும் இறங்கினார்கள். வீடு வீடாகச் சனம் வெளியே வந்தது. கதவு வைக்கிற சடங்கைப் பார்க்க வருவது போல வந்து, வாசலைப் பார்த்து, வாசலைத் தாண்டி, நிற்காமல் நடந்தது. கிழவர்களை முதுகில் சுமந்துகொண்டு போனார்கள், ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கதவைத் தாங்கிய காவலாட்கள் கண்ணை மட்டும் உருட்டினார்கள்.

"நடுவுல நடுவுல வராதீகப்பா, பேச்சு நடக்குதுல்ல," என்று எரிந்து விழுந்தார் வேலாண்டி. சனம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சற்று ஒதுங்கிப் போனது.

மேலேயிருந்து துரைச்சிங்கம் கத்தினான். "கதவை மூடுங்கடா, கதவை மூடுங்கடா."

"அதைத்தாம்ப்பா பேசிக்கிட்டிருக்கோம்," என்றார் ஒச்சப்பன் அண்ணாந்து பார்த்து. பிறகுதான் ஊர்விலக்கு ஞாபகம் வந்து, பேசியதற்காக வாயைப் பொத்திக்கொண்டார்.

துரைச்சிங்கம் ஓடிப்போய் ஏற்றக் கயிற்றைப் பிடித்துத் தானே இழுத்தான். ஆத்திரத்தில் என்றைக்கும் இல்லாத பெரிய கல்லை வைத்திருந்தான். கல் அசையவில்லை, அவன்தான் கயிற்றில் தொங்கினான். வேலாண்டி கடைக் கயிறு என்பதால் அறுந்து விழவும் இல்லை. அவன் காலை உதைத்துக்கொண்டு தொங்குகையில், குருவன் பொன்னுத்தாயியைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலைக் கடந்தான். சடச்சி மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிள்ளை கனமே இல்லை. அதை நினைத்து அவள் வழி நெடுக அழுதாள்.

கடைசி ஆடும் போனபிறகு நாட்டாமைகள் ஒரு வழிக்கு வந்தார்கள். தாழ்ப்பாள் உள்பக்கம்தான். ஆனால் அதைப் போடுகிறவர்கள் நம்பிக்கையான ஆட்களாக இருக்க வேண்டும். நால்வரைவிட நம்பிக்கையானவர்கள் யார்? வரிசையாக எழுந்து உள்ளே போனார்கள். காவலாட்கள் வெளியே நின்று கதவை நிலையில் பொருத்தித் தள்ளிக் கொடுத்தார்கள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. காவலாட்கள் சற்று நேரம் நின்று பார்த்தார்கள். உள்ளே காவல் காக்க ஆளில்லை, சோறாக்கவும் ஆளில்லை. அவர்களும் பாறையைவிட்டு இறங்கிவிட்டார்கள்.

அன்றைக்கு நான்கு ஊரிலும் நாட்டாமை இல்லை. அதனால் கிணற்றடியில் யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தார்கள். சீனிச்சாமியின் மண்டியைத் திறந்து அவர் சம்சாரமே உலை வைத்தாள்.

ஆடிப்பெருக்கு அன்று சடச்சி ஒரு குடம் தண்ணீரோடு பாறை ஏறினாள். "உனக்குத் தொட்டித் தண்ணி குடுத்தவுகளுக்கா?" என்று குருவன் தடுத்துப் பார்த்தான். "மனுசங்க தாகத்துல கிடக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்து கதவைத் தட்டினாள்.

"யாரு?" என்றது ஒச்சப்பன் குரல்.

"சடச்சிங்கய்யா. தண்ணி கொண்டாந்துருக்கேன். தாழ்ப்பாளைத் திறங்க."

உள்ளே வெகுநேரம் முணுமுணுப்பு. விலக்கு வைத்த ஊர்க்காரி கையால் தண்ணீர் வாங்கலாமா என்று கொப்பையா கேட்டார். திறப்பதென்றால் புது முடிவு, புது முடிவுக்குப் புது முடிச்சு, பழைய முடிச்சோ துரைச்சிங்கம் வழிக்கு வருகிறவரை அவிழாது என்று சீனிச்சாமி எடுத்துச் சொன்னார். அப்போது கரகரத்த குரல் ஒன்று, "திறக்காதீக. வெளிய ஏகப்பட்ட பேரு இருக்காங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றது. அது துரைச்சிங்கம். கயிற்றிலிருந்து எப்படியோ இறங்கியிருந்தான்.

"பாத்தீகளா, நம்ம வழிக்கு வந்துட்டான்," என்றார் வேலாண்டி பூரித்துப்போய். "உன் துண்டையும் குடுப்பா."

வரிசையின் இரண்டு ஓரத்திலும் சும்மா கிடந்த முனைகளைத் துரைச்சிங்கத்தின் துண்டோடு முடிந்தார்கள். வரிசை வட்டமாகிவிட்டது. ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒரே மனதாக ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

"யாரும்மா வெளிய?" என்று குரல் கொடுத்தார் ஒச்சப்பன். "எல்லாருக்கும் சொல்லிரு. வெளிய இருக்கிற அத்தனை பேருக்கும் இன்னையிலருந்து ஊர்விலக்கு. உங்க யாரோடயும் நாங்க பேசுறதில்ல. நீங்களும் எங்ககூடப் பேசக் கூடாது. கேட்டுச்சா?"

சடச்சி பதில் சொல்லவில்லை. நாட்டாமை சொன்ன முடிவுக்குக் கட்டுப்பட்டு, குடத்தைக் கதவோரம் வைத்துவிட்டுப் பாறையிலிருந்து இறங்கிப் போனாள்.

"கேட்டுச்சா?" என்று இன்னொரு தடவை கேட்டார் ஒச்சப்பன்.

வெளியே ஒரு சத்தமும் இல்லை.

"பாத்தீகளா," என்றார் கொப்பையா. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் குரலில் பயமில்லை. "இந்தத் தடவைதான் விலக்கு சரியா வேலை செய்யுது."